சீதனக் காணியில் கட்டுத்துவக்கு

நற்பிட்டிமுனை,
12.01.2025

அன்புத் தங்கச்சி ஸுஹைறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆவில் இருந்த நேரம், நான் உன் வயல் எல்லையில் நிற்கிற மருத மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஏறும்போது ஒரு கரைச்சலும் இல்லை. இறங்கும்போது சாறன் கொப்பில் மாட்டிக்கொண்டது. சாறனை விட்டால் நான் இறங்கலாம். அது எப்படிப்பட்ட இறக்கமாக இருக்கும் என்று நீயே யோசி.

ஏன் ஏறினேன் என்று கேட்பாய். ஒரு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் நான் தொழுதுவிட்டு வரிப்பத்தான்சேனை வயலுக்குத் திரும்பினால் வேளாண்மை மிதிபட்டுக் கிடக்கிறது. வரம்பில் சப்பாத்து அடையாளம், வாய்க்காலில் இரத்தம். ஜும்ஆ நேரம் வயல் வட்டையில் ஒரு மனிசன் இருக்கமாட்டான் என்று தெரிந்த ஆட்கள்தான் வேட்டைக்கு வருகிறார்கள். ஆரென்று பார்க்கலாம் என்று ஏறினேன். பார்த்தேன். மூன்று துவக்கு, ஒரு கெப் வாகனம், முன்னுக்கு நடந்து வந்தது உன் மாப்பிள்ளையின் தம்பி ஹிஷாம்.

"ஆரு காக்கா அது, மேல? குத்துபா கேக்கப் போகல்லயா?" என்றான்.

"இங்க நல்லாக் கேக்குது மனே. நீங்க போகல்லயா?" என்றேன்.

இளநீர்க் குலை இறக்குகிற மாதிரி மூன்று பேர் பிடித்து என்னை இறக்கினார்கள். சாறனையும் பிறகு எடுத்துத் தந்தான். நல்ல பிள்ளை. ஆனால் இனி நான் பள்ளியில் வாய் திறக்க ஏலாது. திறந்தால், "நீ ஏன் அந்த நேரம் அங்க நின்ற?" என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள்.

துவக்கோடு வராதே என்று சொன்னேன். "இது எங்கட காக்காட பொண்சாதிட காணி. நான் வாறதுக்கு குத்தகைக்காரனிட்டயா கேக்கணும்? பண்டி திண்டா அழுறீங்க, சுட்டாலும் அழுறீங்க" என்றான். அதில் பாதி உண்மை. பன்றி ஒரு இரவில் கால் ஏக்கரை உழுது போடும். ஆனால் அவன் சுட்டதை என் காவல் வாடி வாசலால் இழுத்துக்கொண்டு போகிறான். மண்வெட்டி, வாளி, கட்டில் கால் எல்லாவற்றையும் பன்றி பட்ட நஜீஸ் போக ஏழு தரம் கழுவினேன், அதில் ஒரு தரம் மண் போட்டு. மண்ணுக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பகிடி விடுகிறேன் என்று நினைக்காதே. அவன் காட்டோரத்து வரம்பில் என் கண் முன்னாலேயே கட்டுத்துவக்கு ஒன்றும் கட்டினான். இரும்புக் குழாய்க்குள் வெடிமருந்து போட்டு, குறுக்கே ஒரு நூல். நூலில் பன்றி முட்டினாலும் வெடிக்கும், மனிசன் முட்டினாலும் வெடிக்கும். பொலிஸ் கண்டால் காணி செய்கிறவனைத்தான் பிடிப்பார்கள். அவிழ்க்கப் போனேன், நூலைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வருசா வருசம் நீ எழுதித் தருகிற கடிதம்தானே நம்முடைய குத்தகை உறுதி. சிறுபோகத்துக்கு எழுதும்போது, "மீராசா காக்காவைக் கேளாமல் ஒருவரும் துவக்கோடு இந்தக் காணிக்குள் இறங்கக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்து விடு. வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானை கூட்டத்தில் அதை உரத்து வாசித்தால் போதும். போனில் சொல்லியிருப்பேன், உன் போனை மச்சான் அல்லவா முதலில் எடுக்கிறார். தோஹாவுக்குத் திரும்புகிற கமீலாவின் பையில் இதை வைத்திருக்கிறேன். அவளை நம்பலாம். வழியில் பிரித்து வாசிப்பாள், ஆனால் கொண்டு வந்து தருவாள்.

உன் மச்சி பாஹிமா ஸலாம் சொன்னாள்.

சாறன் கிழிந்த உன் காக்கா,
மீராசா


தோஹா,
29.01.2025

என் காக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் வைத்து வாசித்துச் சிரித்தேன். நான் பார்க்கிற பிள்ளைகளும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தன. பிறகு கட்டுத்துவக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

காக்கா, ஐம்பத்து மூன்று வயதில் மரம் ஏறலாமா? மச்சி ஒன்றும் சொல்வதில்லையா? உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதையும் கமீலாதான் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய கவலை.

இவரிடம் மெதுவாகக் கதைத்துப் பார்த்தேன். "அவன் குவைத்தால வந்து வேல இல்லாம இரிக்கான். வேட்டையாவது ஆடட்டும். உன்ட காக்காக்கு என்ன குறையுது?" என்றார். அதற்கு மேல் நான் கதைக்கவில்லை. ஏன் கதைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மகள் நஜ்லா ஹிஷாம் வீட்டில் இருந்துதான் ஏஎல் படிக்கிறாள். உங்கள் வீட்டில் விட எனக்கு ஆசைதான். ஆனால் உங்கள் மகன்மார் ஸஹீதும் முர்ஷிதும் வளர்ந்த ஆம்பிளைகள். மச்சான்மார் இருக்கிற வீட்டில் குமர்ப்பிள்ளையை வைத்தேன் என்று ஊர் ஒரு நாளும் விடாது. ஹிஷாமுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும். அவன் பெண்சாதி சுல்பிகாவும் அவளை நன்றாகப் பார்க்கிறாள். என் பிள்ளை அவன் சோற்றைத் தின்னும்போது நான் அவனுக்கு எதிராகக் கடிதம் எழுதினால், அந்தச் சோற்றை அவள் எப்படி விழுங்குவாள்?

பரீட்சை முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்புப் பக்கம் போகாதீர்கள். குத்தகைக் கடிதத்தைப் பிறகு அனுப்புகிறேன்.

உங்கள் துஆவை நாடும் தங்கச்சி,
ஸுஹைறா


நற்பிட்டிமுனை,
17.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சொன்ன மாதிரி நான் அந்த வரம்புப் பக்கம் போகவில்லை. தங்கரத்தினம் போனான்.

வீரமுனைத் தங்கரத்தினத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். பதினொரு வருசமாக நமது வயலில் வேலைக்கு நிற்கிறான். நீ கடைசியாக வந்தபோது பை நிறையப் பாவற்காய் தந்தவன். அடையாளத்துக்கு முன்னமே சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன், அந்தப் பக்கம் போகாதே என்றும் சொல்லியிருந்தேன். துணியை ஆரோ அவிழ்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. வரம்பு உடைந்து தண்ணீர் ஓடுகிறதென்று அடைக்க ஓடினான். நூலில் கால் பட்டுவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு ஏற்றினோம். "காக்கா, அந்தக் கால் நம்மளோட வருதா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு மயங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் காலை எடுக்கவில்லை, ஆனால் இனி வயலில் இறங்க ஏலாதாம்.

பொலிஸ் வந்தது. கட்டுத்துவக்கைக் கட்டியது ஆரென்று கேட்டார்கள். தெரியாது என்றேன். காணியை ஆர் செய்கிறதென்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அவர்களுக்கு அது போதும். ஒரு இரவும் ஒரு பகலும் பொலிஸ் கூட்டுக்குள் இருந்தேன். எனக்கு முன்னே இருந்தவன் ஆடு களவெடுத்தவன். அவன் என்னைப் பார்த்து, "பெரிய கேஸா?" என்று மரியாதையாகக் கேட்டான். பாஹிமாவின் காக்காமார் இரண்டு பேர் பிணை நின்றார்கள். பங்குனி இருபத்தைந்துக்கு மேல் வழக்கு. அதற்கு முன் வேறு விசயம் ஏதும் ஞாபகம் வந்தால் வந்து சொல்லச் சொல்லி அனுப்பினார்கள்.

தங்கரத்தினத்தைப் பார்க்கப் போனேன். அவன் பெண்சாதி கதிரையை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் இருந்தாள். "நான் ஆரையும் காணல்ல காக்கா. நீங்க கண்டிருந்தாச் சொல்லுங்க" என்றான். கொண்டுபோன தோடம்பழத்தை நானே உரித்து நானே தின்றுவிட்டேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஹிஷாம் வந்தான். "பயப்படாதீங்க, குத்தகைக்காரனுக்கு சும்மா தெண்டம்தான் போடுவாங்க. நஜ்லா நல்லாப் படிக்கா" என்றான். அந்த இரண்டு விசயத்தையும் ஏன் ஒன்றாகச் சொன்னான் என்று கேட்காமலே விளங்கியது.

தங்கச்சி, நான் மரத்தில் மாட்டியது வெறும் பகிடி. இப்போதுதான் மாட்டியிருக்கிறேன். சொன்னால் உன் பிள்ளை. சொல்லாவிட்டால் தங்கரத்தினத்தின் கால். நஜ்லாவை எங்கே வைக்கலாம் என்று நீ ஒரு வார்த்தை சொல். மற்றதை நான் பார்க்கிறேன்.

உன் காக்கா,
மீராசா


தோஹா,
04.03.2025

அன்பின் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமழான் முபாறக். உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டினேன். காட்டாமல் இருக்க எனக்கு முடியவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சஹருக்கு எழும்பியபோது சொன்னார், அதைத்தான் எழுதுகிறேன். என்னைக் கோபிக்காதீர்கள்.

துவக்கு உங்களுடையது என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துச் செலவு முழுக்க இவர் பார்ப்பாராம். பன்றிக்குப் பயந்து கட்டினேன் என்று சொன்னால் பெரிய தண்டனை வராதாம். தங்கரத்தினம் குடும்பத்துக்கும் ஏதும் கொடுப்பார்கள். ஹிஷாமுக்கு வழக்கு வந்தால் திரும்ப வெளிநாடு போக ஏலாமல் போய்விடும், அவன் வாழ்க்கை போய்விடும் என்கிறார்.

இன்னும் ஒன்று. சிறுபோகத்துக்குக் காணிக் குத்தகையை ஹிஷாமின் பெயருக்கு எழுதச் சொன்னார். வழக்கில் இருக்கிற ஆளுக்கு வட்டைவிதானை தண்ணீர் தரமாட்டார் என்று காரணம் சொன்னார். எழுதினேன் காக்கா. இவர் பக்கத்தில் இருந்தார். பேனையும் இவர்தான் எடுத்துத் தந்தார்.

வாப்பா சீதனமாகத் தந்த காணியில் எனக்கென்று ஒரு வரி எழுதக்கூட ஏலவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நஜ்லா எங்கே போவாள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தங்கச்சி,
ஸுஹைறா


நற்பிட்டிமுனை,
26.03.2025

ஸுஹைறாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை அது கொஞ்சம் உதவியாக இருந்தது. மெதுவாகத்தான் வலித்தது.

நீ தெரியவில்லை என்று எழுதியதால் நானே ஒரு வழி பார்த்தேன். நஜ்லாவைத்தான் என் வீட்டில் வைக்க ஏலாது என்று நாம் எல்லாரும் மண்டையை உடைத்தோம். என் பொடியன்மாரை வீட்டில் வைக்காமல் விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரமழான் கடைசிப் பத்து தொடங்க, ஸஹீதையும் முர்ஷிதையும் தலையணையோடு இஃதிகாபுக்கு, பள்ளியிலேயே தங்கி வணங்க, அனுப்பிவிட்டேன். "வாப்பா, நாங்க என்ன பாவம் செஞ்ச?" என்று சின்னவன் கேட்டான். இனிமேல்தான் தெரியும் என்றேன். பெருநாளுக்குப் பிறகு அரிசி மில்லில் படுப்பார்கள். மில்காரரிடம் கதைத்தாயிற்று. ஊர் ஏதும் சொன்னால் என் பிள்ளைகளைச் சொல்லட்டும்.

சனிக்கிழமை காலை பாஹிமாவும் நானும் போய் நஜ்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். சுல்பிகா பிள்ளையின் உடுப்பை மடித்து மடித்துத் தந்தாள், அழுதாள். ஹிஷாம் வீட்டில் இல்லை. ஓட்டோவில் வரும்போது நஜ்லா, "மாமா, அவங்க துவக்கத் துடைக்கிற என்ட படிக்கிற மேசையிலதான். கொப்பியெல்லாம் எண்ணெ" என்றாள். ஏன் உம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உம்மாக்குக் கரைச்சல் வருமெண்டு சொல்லல்ல" என்றாள். நீ அவளுக்காக வாய் மூடியிருந்தாய், அவள் உனக்காக. நான் உங்கள் இரண்டு பேருக்காகவும். நடுவில் ஒரு மனிசனின் கால் போனது.

பின்னேரம் பொலிசுக்குப் போய் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். மரத்தில் ஏறியது தொடக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜும்ஆவை விட்டதையும் சொன்னேன். ஹிஷாமின் பெயரைச் சொல்லும்போது உன் முகம்தான் முன்னால் வந்தது. இருந்தும் சொன்னேன். மாப்பிள்ளையிடம் நீ இதைச் சொல்லலாம். ஒளிக்க ஒன்றுமில்லை.

காணி உன்னுடையது. விரும்பியவருக்குக் கொடு. வாடியில் இருந்த என் சாமான்களை எடுத்துவிட்டேன். குத்தகை இல்லாதபடியால் இனி வருசா வருசம் கடிதம் எழுதவும் வேண்டியதில்லை. நஜ்லாவோடு நீ எந்த நேரமும் கதைக்கலாம், போன் அவளிடமே இருக்கும். போனை எனக்குக் கொடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. இப்போதைக்கு வேண்டாம். உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் பொய். ரமழானில் பொய் எழுதக்கூடாது.

வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்த பிறகு, துவக்குக் கட்டிய இடத்தைக் காட்டச் சொல்லி ஒரு சார்ஜன்ட் என்னோடு வயலுக்கு வந்தார். ஈர வரம்பில் அவருக்கு வழுக்கியது. என் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் வாய்க்காலில் விழுந்தோம். வாக்குமூலக் கோவையும் விழுந்தது. மை முழுக்கக் கரைந்துவிட்டது. அதனால் திங்கட்கிழமை மறுபடியும் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மீராசா