உலர்குரல்

என் முழக்கங்களையெல்லாம் முதலில் கேட்ட தோழா! உன்மீது எனக்கொரு முறையீடு உண்டு. ஊரெல்லாம் கேட்க என் குரலைச் சேமித்தாய்; உன் குரலில் ஒரு சொல்லையும் எங்களுக்கு விட்டுவைக்காமல் போனாய். இன்று காலை வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்துவிட்டது. குத்துக்கல்வலசையில் உன் ஒலிப்பதிவு அறையைத் திறந்ததும், சுவரில் நீ ஒட்டிய பஞ்சு ஈரம் குடித்த மணம். கணினி உயிர்விட்டிருந்தது. உன் துணைவியார் பதிவுப்பெட்டியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதுமேல 'உலர்'னு எழுதி ஒட்டியிருக்காவ. காஞ்சு போனதுதானே? உள்ள இருக்கத அழிச்சிட்டு, பெட்டியக் கேக்குதவங்களுக்குக் குடுத்துரவா?"

அந்தச் சொல் நம் இருவர் வழக்கு. எந்த ஒப்பனையும் ஏறாத பதிவை 'டிரை' என்றாய்; ஏறியதை 'வெட்' என்றாய். ஆங்கிலம் பொறுக்காத நான் சினந்து, உலர்குரல், நனைகுரல் என்று பெயரிட்டேன். கணினியில் ஒலியை ஒப்பனை செய்யும் 'பிளக்-இன்'களுக்குச் செருகி என்றேன். "செருகின்னா கத்தியச் செருகுத மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்த நீ, மறுநாளே அப்படித்தான் அழைத்தாய்.

என் பேச்சைப் பெட்டியில் உள்ளபடியே பதிவுசெய்வாய். பிறகு வடம் வழியே கணினிக்கு அனுப்பி, செருகிகளால் எதிரொலி சேர்ப்பாய். மூலப் பதிவை மட்டும் தொடவே மாட்டாய். எதிரொலியைக் கூட்டச் சொல்லி நான் அடம்பிடித்தால், "அண்ணாச்சி, இப்பமே பேரருவிக்கு அடியில நின்னு பேசுத மாதிரி இருக்கு. இன்னும் நனைச்சா சளி பிடிச்சிரும்" என்பாய்.

மெல்லிய ஒலிகளைத் தடுத்துக் கதவடைக்கும் செருகியும் ஒன்று உண்டு. வாயிற்காவலன் என்று அதற்குப் பெயர் சூட்டினேன். என் முழக்கம் உள்ளே வரும். உன் முணுமுணுப்பு வெளியே நிற்கும். ஆகவேதான், வெளிவந்த என் பேச்சுகள் எதிலும் நீ இல்லை.

ஆனால் உலர்குரலுக்குக் காவலன் ஏது?

"அழிச்சிராத தங்கச்சி!" என்று அலறினேன். தூய தமிழ் அந்தக் கணம் எங்கோ ஓடி ஒளிந்தது.

பெட்டியை இயக்கினோம். மின்விசிறியின் இரைச்சல். அதன்மேல், நீ: "மைக்க முழுங்கிராதிய அண்ணாச்சி. கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க."

"இவிய குரலுல்லா!" என்று அவர் முக்காலியில் அமர்ந்துவிட்டார். கண்ணீரும் சிரிப்பும் ஒருசேர வந்தன. நான் முழங்கத் தொடங்கியதும் கையசைத்தார்: "உங்க பேச்சு கிடக்கட்டும். அடுத்ததப் போடுங்க."

என் பேச்சை ஒருவர் பாதியில் நிறுத்தியும் நான் மகிழ்ந்தது இதுவே முதன்முறை. ஒவ்வொரு பதிவின் தலைவாயிலிலும் நீ நின்றாய். நெஞ்சில் கட்டியிருந்த கல் இறங்கியது. உன்னைப் புதைத்த நாள்முதல் மேடையேறாதவன் நான். 'சரி' என்று எதிரில் நின்று சொல்ல நீ இல்லையே என்றிருந்தேன்.

இனி அந்தச் சாக்கும் இல்லை. உன் குரலைப் படியெடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மேடைப் படியில் கால்வைக்குமுன் ஒருமுறை கேட்பேன். எல்லாப் பதிவிலும் நான் பேசத் தொடங்குமுன் நீ கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்:

"ஓடுது அண்ணாச்சி. என்ன யோசிக்கிய? பேசுங்க!"