மலையில் கேட்க நினைத்த லீவு

ஜெயம்மா, சுகமா? முழங்கால் வலி குறைந்ததா? ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், மகளிடம் சொல்லாதே. லீவு நாளில் ஓட்டல் முதலாளி எங்களை மலை ஏறக் கூட்டிப்போனார். நம் அனுராதா பிரசவத்துக்கு வேண்டிக்கொண்ட காவடியை எடுக்க ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வர வேண்டுமே, லீவு கேட்கலாம் என்று நானும் போனேன். திருத்தணி நினைப்பில் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"இன்னா நைனா, காவடியா எடுத்துகினு வர்றே?" என்றான் கூட வேலை செய்யும் அரக்கோணத்து ஷகீல்.

மலேசியக் காடெல்லாம் அட்டை, சீ. விரல் இடுக்கில் புகுந்து, என் ரத்தத்தைக் குடித்துக் கொழுத்துத் தொங்கின. பிய்த்தால் கொழகொழவென்று கையில் ஒட்டியது. உச்சியில் ஒரு கோயில்கூட இல்லை. டப்பா மீனைத் திறந்து, எண்ணெயை விரலால் வழித்து நக்கினார்கள். நீ பார்த்திருந்தால் என்னைக்கூடத் தொட்டிருக்க மாட்டாய்.

யாராவது இங்கே வந்தால் என் லுங்கி ஒன்று கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், வீட்டுக் கொடியில் கிடக்கும் பழையதே போதும்.

கடை திறக்கக் கூப்பிடுகிறார்கள். அந்த வெட்கக்கேடு இதுதான்: மலை உச்சியில் லீவு கேட்க முதலாளி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கழுத்தில் கறுப்பாக ஒரு அட்டை. மரியாதையாகக் கிள்ளி இழுத்தேன். அது மச்சம்.