தீர் நகரத்து வெள்ளிக்காசு

நேற்று உம்முடைய தங்கச்சி என் மருந்துக்கடைக்கு வந்து ஒரு பிஸ்கற் ரின்னைத் தந்துவிட்டுப் போனாள். "அக்கா இதை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ." மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம். உள்ளே உமது பழங்காசுகள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், மேலே உமது சாய்ந்த கையெழுத்து. கடையில் சனம் நின்றது. மத்தியானம்தான் ஆறுதலாக எடுத்துப் பார்க்க முடிந்தது.

நாம் சந்தித்தது பழங்காசு சேகரிப்போர் கூட்டத்தில். அன்று அங்கே பெண்கள் என்று நாம் இருவர் மட்டும். என் கையில் இருந்தது சுண்டுவிரல் நகத்தளவு ரோமச் செப்புக்காசு. பழைய காலத்தில் கப்பலேறி வந்து இந்தத் தீவின் மண்ணில் புதைந்து கிடந்த வகை. அதன் பின்பக்கத்தில் தேய்ந்த சிலுவை.

"நீர் சைவமெல்லோ, உமக்கேன் சிலுவைக் காசு?" என்று கேட்டீர்.

"எங்கட மண்ணுக்குள்ள கிடந்த காசு. அதில இருக்கிற சிலுவையும் எங்கடதானே" என்றேன்.

உமக்குப் பதில் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தையில் என் கடைக்கு வருவீர். மருந்து நிறுக்கும் தராசில் காசுகளை நிறுப்போம். வேதாகமத்து ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் போட்ட சல்லி இவ்வளவு சின்னதா என்று முதல்முறை பார்த்தபோது திரும்பத் திரும்பக் கேட்டீர். கிறிஸ்துவின் முகம் பதித்த பைசாந்தியச் செப்புக்காசை மட்டும் மேசையில் வைக்க விடமாட்டீர், உள்ளங்கையிலேயே வைத்திருப்பீர்.

உமது ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கனடாவிலிருந்து உமது தம்பி அனுப்பிய காசு ஒன்று வந்தது. தீர் என்ற பழைய துறைமுக நகரத்து வெள்ளி. ஒரு பக்கம் அந்நகரத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசுக்குக் கொடுத்த முப்பது வெள்ளியும் இந்த வகையாகத்தான் இருந்திருக்கும் என்பார்கள். நீர் அதைத் தராசில் வைத்தீர்.

பதினாலு கிராமுக்குக் கிட்ட நிற்கவேண்டியது பன்னிரண்டில் நின்றது. விளிம்பில் அரத்தால் தேய்த்து மறைத்த ஒட்டுக்கோடு. உருக்கி அச்சில் வார்த்த போலி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எடை சரியோ?"

"ஓம், சரி" என்றேன்.

தம்பி ஆசையாய் அனுப்பியதை எப்படிப் போலி என்று சொல்வது என்றுதான் நினைத்தேன். பிறந்தநாள் கழியட்டும், பிறகு சொல்லுவம் என்று. பிறகு என்பது நாலு மாதமாயிற்று. அதற்குள் நீர் உங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் தவக்காலக் கண்காட்சி வைக்க ஒப்புக்கொண்டுவிட்டீர். வேதாகமக் காசுகள், நடுவில் அந்த வெள்ளி. அந்தச் செய்தியை நீர் சந்தோசமாகச் சொன்ன அன்றுதான் நான் உண்மையைச் சொன்னேன். நான் தடுத்தும் கேளாமல் நீரே காசை எடுத்துத் திரும்ப நிறுத்துப் பார்த்தீர். பிறகு பூதக்கண்ணாடியால் விளிம்பைப் பார்த்தீர். கடைசியில்தான் என்னைப் பார்த்தீர்.

"காசு பொய் சொன்னது பரவாயில்லை. நீர் என்னத்துக்குப் பொய் சொன்னனீர்?"

ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டீர். ஆறு ஞாயிறு வரவில்லை. நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளுக்கும் பதில் இல்லை.

கண்காட்சிக்கு அழைப்பில்லாமலே வந்தேன். வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன். உள்ளே ஒரு மேசையைச் சுற்றி மறைக்கல்விப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தால் அந்த வெள்ளிதான். பக்கத்து அட்டையில் உமது கையெழுத்து: "இது போலி. நல்லது என்று நம்பி வைத்திருந்தேன். எடை குறைவு, விளிம்பைப் பாருங்கள். கண்டுபிடித்தவர் என் சிநேகிதி." பூதக்கண்ணாடியைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றி விளிம்பைப் பார்த்தார்கள். உண்மையான காசுகள் பார்ப்பாரில்லாமல் கிடந்தன.

"தம்பிக்குச் சொல்லிட்டீரோ?" என்று உம் பின்னால் வந்து கேட்டேன்.

"அண்டைக்கே சொல்லிட்டன். சிரிச்சான்" என்றீர் திரும்பாமல். பிறகு, "இந்தப் பக்கம் வந்து நில்லும். பிள்ளையள் கேள்வி கேக்குதுகள், எனக்குத் தனியச் சமாளிக்க ஏலாது" என்றீர். அவ்வளவுதான் நம்முடைய சமாதானம்.

போன வருசம் உமக்கு நோய் வந்தது. உமது கடைசி வாரத்தில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கட்டிலைச் சுற்றி உறவினர் நின்றார்கள். "மெலிஞ்சிட்டனோ?" என்று ஒவ்வொருவரையும் கேட்டீர். "இல்லை, முகம் தெளிவா இருக்கு", "இப்ப எவ்வளவோ தேவல்" என்றார்கள். என் முறை வந்தது.

"ஓம். நல்லா மெலிஞ்சிட்டீர்" என்றேன்.

உமது தங்கச்சி என்னை முறைத்தாள். நீரோ சிரித்தீர். ஊசி குத்தாத கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தீர். "சரி, இனி இருந்து கதையும்" என்றீர். மற்றவர்கள் வெளியே போனார்கள். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். உமக்கு என்ன பயம் என்று சொன்னீர். எனக்கு என்ன பயம் என்று நானும் சொன்னேன்.

மருந்துக்கடையில் தினமும் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள்: "இதுக்குச் சுகம் வருமோ, மிஸ்?" தெரியாததைத் தெரியாது என்கிறேன். தெரிந்ததை அன்றைக்கே சொல்கிறேன். சொல்லிவிட்டு, உட்காரக் கதிரை கொடுக்கிறேன்.