நிலாவில் என் எடை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போன ஞாயிறு அறைத்தோழியோடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போனேன். அவளும் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ்தான், வாயாடி. டைனோசர் எலும்புக்கூட்டின் கீழே என்னை நிறுத்தி, "அசையாதீங்கக்கா, கூடப் பொறந்தது மாதிரியே இருக்கு" என்று போட்டோ எடுத்தாள். கோளரங்கத்தில் சாய்ந்து கிடந்து அரை மணி நேரம் நட்சத்திரம் பார்த்தோம்.

வெளியே ஒரு எடை மெஷின், நிலாவில் நம் எடை எவ்வளவு என்று காட்டுகிறது. ஏறினேன். எட்டே கிலோ!

எழுதிய பிறகுதான், கணக்கு வாத்தியாருக்கு எழுதுகிறோம் என்பது உறைக்கிறது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே என்று, இந்நேரம் ஆறெட்டு நாற்பத்தெட்டு பெருக்கியிருப்பீர்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது ஐம்பத்தாறு இருந்தேன். "இளைச்சுப் போனா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கூட்டிட்டு வந்துடுவேன்" என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்பச் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் முதல் வார்டு பொறுப்பு எனக்குத்தான். இருபது வருஷம் காத்திருந்தது, நன்றாகவே செய்வேன். ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன், நோய் எதுவும் இல்லை. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதவி. இனி நீங்கள் சாப்பிடும்போது எனக்கு போன் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். என்னோடு பேச வேண்டாம். நீங்களும் நம் சின்ன மகளும் சண்டை போட்டபடி சாப்பிடும் சத்தம் கேட்டால், நானும் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி