சரசு விரலால் படிக்கிறாள்

ஈரேழு பதினாலு உலகத்திலும் சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றிய ஒரே மனிதனான என் அன்பு மாப்பிள்ளைக்கு,

மேலோகத்தில் சுகம்தானே? இங்கே உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி சரசுவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து ஸ்ட்ரோக் வந்தது. பதறாதே. கைகால் தப்பியது, பேச்சும் தப்பியது. என்னைத் திட்டுவதில் ஒரு சொல் குறையவில்லை. படிப்புதான் போய்விட்டது. நம் நல்லூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்டை நீட்டினால், தாள் முழுக்க எறும்பு ஊர்கிறது என்றாள்.

காரணம் கண்டுபிடிக்க நானே களத்தில் இறங்கினேன். கண்தான் கோளாறு என்று தீர்ப்பளித்து, திருப்பூரின் மூக்குக்கண்ணாடிக் கடைகளையெல்லாம் காலி செய்தேன். அதுவும் பலிக்காமல் போக, வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை. அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய்க் கழுவ?

உன் மகன் கார்த்தியோ, அம்மாவுக்குப் புத்தி மங்கிவிட்டது, இனி கம்பெனிப் பக்கம் வர வேண்டாம் என்று அவள் நாற்காலியில் தானே உட்கார்ந்தான். பாசத்தில்தான். சரசு அழுதது அதற்குத்தான்.

பிறகு பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் போனோம். அவள் ஒரு வரி சொன்னாள். சரசு அழகாக எழுதினாள். நான் மார்பை நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அதே தாளைப் படிக்கச் சொன்னாள். தன் கையெழுத்தையே தங்கச்சியால் படிக்க முடியவில்லை, மாப்பிள்ளை. என் காலடியில் பூமி பல்லடம் வரைக்கும் பிளந்தது. அந்தப் பெண் கார்த்தியிடம் சொன்னாள்:

“அம்மாவுக்குப் புத்தி நல்லாத்தானுங்க இருக்குது. கண்ணு பாக்குது, கை எழுதுது. பாத்த எழுத்து உள்ள சொல்லாப் போய்ச் சேர்ற வழிதானுங்க அடைபட்டுக் கெடக்குது. வேற வழியில போலாங்க.”

வேறு வழி, சரசுவின் ஆள்காட்டி விரல். எழுத்தின் மேல் விரலை ஓட்டினால், கை அறிந்ததை வாய் சொல்கிறது. முதல் சொல்லுக்கு ஒரு யுகம் ஆனது; அதற்குள் நான் செத்து, உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். இப்போது ஒரு வரிக்கு ஒரு டீ ஆறும் நேரம்தான். பழையபடி முழுதாகத் திரும்புமா? அந்தப் பெண் உறுதி சொல்லவில்லை. கார்த்தி நாற்காலியைத் துடைத்து அம்மாவுக்கே போட்டுவிட்டான்.

இதுவரை எழுதியதை இன்று காலை அவளிடம் கொடுத்தேன். உதடு அசைய அசையப் படித்தவளின் விரல், நடிக்கிறாள் என்று நான் சொன்ன இடத்தில் நின்றது. அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன்.

“இதை அழிச்சுப் போடாதீங்ணா,” என்றாள் சிரித்துக்கொண்டே. “அவரும் தெரிஞ்சுக்கட்டும்.”

இனி அவள் விரல் தடுமாறும்போது அடுத்த சொல்லை நான் முந்திச் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை. உடுமலை வரைக்கும் கேட்கிற இந்த வாயை உனக்காகக் கட்டுகிறேன்.

சரசுவுக்கு அண்ணனும்,
உனக்கு என்றென்றும் அடங்காத மச்சானுமான
ராமசாமி