சேது அனுப்பிய கம்ப்யூட்டர்

பத்தாங் பெர்ஜுந்தை,
டிசம்பர் 1986.

அன்பு மகன் சேதுவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே அப்பா, தங்கச்சி திலகம், நான் மூவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், அது எழுதிப் பழகிய வரி. இந்தத் தடவை பழக்கத்துக்குக் கேட்கவில்லை ஐயா, நிஜமாகவே கேட்கிறேன், நீ சுகமா? போன ஞாயிற்றுக்கிழமை, லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிற உன் சிநேகிதன் ராஃபேல் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான். அதிலிருந்து எனக்குக் கை ஒரு பக்கம் மனசு ஒரு பக்கம். தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கும்போது சர்க்கரை என்று உப்பு டின்னைத் திறந்துவிட்டேன், கூட வேலை பார்க்கும் வேலம்மாதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். நடந்ததை முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது, அதனால் பொறுமையாகப் படி.

முதலில் திலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ கம்ப்யூட்டர் படிக்கப் போன இங்கிலாந்திலிருந்து ஆள் மூலம் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரையும் புத்தகங்களையும் அனுப்பினாயே, அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் டிவி அவளுக்குத்தான். சாயங்காலம் ஆலையிலிருந்து கரண்டு விட்டதும் அதன் வயரை டிவியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கரண்டு நின்றால் அடித்ததெல்லாம் போய்விடும் என்று ரேடியோ கேசட்டில் பிடித்து வைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, பக்திப் பாட்டு என்று கேசட்டைப் போடுகிறேன், கீ என்று காதைக் கிழிக்கிற சத்தம் வருகிறது. சாமி பாட்டு மேலேயே அவள் கணக்கைப் பதிந்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு நான் அதிர்ந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. முதலில் பேசிக் என்ற மொழி படித்தாள். கொட்டகையில் எத்தனை பிள்ளை வந்தால் எவ்வளவு பால் கரைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியே சொல்லும்படி செய்தாள், நான் வேலம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அடுத்து உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாஸ்கல் என்று ஒன்று. அது இந்தப் பெட்டியில் ஓடாதாம், அதனால் அதே பால் கணக்கைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பிறகு ஒருநாள் சோறு போடும்போது, இனிமேல் கோபால் படிக்கப் போகிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த கோபால், யார் வீட்டுப் பையன் என்று கரண்டியோடு நிற்கிறேன், உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். அதுவும் ஒரு கம்ப்யூட்டர் மொழியாம், பள்ளிக்கூட கிளப் ஆசிரியர் புத்தகம் கொடுத்தாராம்.

ஒன்றை ஒழுங்காகப் படிக்காமல் எதற்கு இன்னொன்றுக்குத் தாவுகிறாய், நாலாம் படிவத்தில் படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு எத்தனை மொழி வேண்டும் என்று அப்பா திட்டினார். அவள் சொன்ன பதில் எனக்கு அப்படியே மனசில் இருக்கிறது. ஒரே மொழி தெரிந்தபோது உலகத்தில் எதையும் அந்த மாதிரிதான் சொல்ல முடியும் என்று நினைத்தாளாம், இரண்டாவதைப் படித்து முட்டி மோதி அழுத பிறகுதான் முதலாவதே புரிந்ததாம். அழுதாயா என்று கேட்டேன். பாஸ்கல் ஆரம்பித்தபோது நிறைய நாள் அழுதாளாம், புத்தகத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்து, அண்ணனும் இங்கேதான் கஷ்டப்பட்டிருக்கிறார், அவர் தாண்டிவிட்டார், நானும் தாண்டுவேன் என்று படித்தாளாம்.

ராஃபேல் ஞாயிறு மத்தியானம் ரவாங்கிலிருந்து பஸ் ஏறி வந்தான். நீ கொடுத்த சட்டையை அப்பாவிடம் கொடுத்தான், அவர் உடனே போட்டுக்கொண்டார். தோள் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை. ஈஜோக் பக்கம் ரோட்டில் தண்ணீர் என்று மீன் லோரி வரவில்லை, கோழிதான் சமைத்தேன். பிள்ளை நல்ல பையன், உன்னோடு ஒரே வீட்டில் இருப்பவன் என்று எனக்கு உன்னையே பார்ப்பது போல இருந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திலகம் அவள் எழுதின பாஸ்கல் தாள்களை மடிக்காமல் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். இதுவரைக்கும் ஒரு தடவைகூட பாஸ்கல் ஓடுகிற கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததில்லை, அண்ணனிடம் கொடுங்கள், பாலிடெக்னிக்கில் அடித்துப் பார்த்து ஓடுகிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றாள். ராஃபேல் கையை நீட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் உறையைப் பிடித்தபடி நிற்கிறாள். பிறகு அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, அவனே எழுதியிருப்பான்னு நெனச்சேன். சேது காலேஜுக்குப் போறத நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ரெஸ்டாரண்ட்ல தட்டு மங்கு கழுவுறான்."

கரண்டியிலிருந்த குழம்பு என் கையில் வழிந்து சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. அப்பா சிரித்தார் ஐயா. வேற சேதுவா இருக்கும் தம்பி என்றார். ராஃபேல் இல்லை என்று தலையாட்ட, திரும்பவும் அதையே சொன்னார், எங்க சேதுவுக்கு வாத்தியாரே கை கொடுத்துப் பாராட்டினார் என்று போன மாசம்தான் எழுதினான், நீ சொல்வது வேற ஆள் என்றார். அந்தப் பிள்ளை சோற்றை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் சின்ன வயதிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டவர்களாம், நீ ஒருவன்தான் அங்கே போய் முதல் தடவை பார்த்தாயாம். ஒரு மொழியைப் பிடித்து வருவதற்குள் இன்னொன்றுக்குப் போய்விட்டார்களாம். கேட்க வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்து, பிறகு போகாமலே விட்டாயாம். உறையோடு நின்ற திலகம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எனக்குன்னு அனுப்புனாரே, அந்த கம்ப்யூட்டர்?"

ராஃபேலுக்குப் பொய் சொல்ல வரவில்லை. நீ ரூமில் பழகிப் பார்க்கப் பழைய விலைக்கு வாங்கியதாம். போவதை நிறுத்தின வாரம், இனிமேல் இது என் கண்ணில் படக்கூடாது என்று புத்தகத்தோடு பெட்டியில் போட்டு, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டாயாம். திலகம் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உறையோடு உள்ளே போய்விட்டாள். உன் பென்சில் எழுத்து எந்தப் பக்கத்தோடு நின்றுபோகிறது என்று அவளுக்குத் தெரியும் அல்லவா.

அப்பா அன்றைக்குச் சட்டையைக் கழற்றவே இல்லை, அப்படியே சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, படிப்பை விட்டதை எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும், தெரியாத ஊரில் இதைத் தனியாக வைத்துக்கொண்டு எப்படிச் சிரிச்சு சிரிச்சுக் கடிதம் எழுதினான் என்று கேட்டார். எனக்கும் அதுதான் ஆறவில்லை. உன் கடிதங்களை நம்பி அக்கம்பக்கத்தில் பெருமை பேசினது போகட்டும், உன் கையெழுத்தைப் பார்த்தே உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லுகிற எனக்கு இது தெரியாமல் போனதே.

திலகம் அதற்குப் பிறகு டிவி பக்கம் போகவில்லை. லீவு நாளில் வேறு என்ன செய்வாள், பாத்திரம் கழுவினாள், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்தாள். நேற்றுக் கொட்டகையிலிருந்து வந்து பார்க்கிறேன், கம்ப்யூட்டரைத் துணியால் துடைத்து, வயரைச் சுற்றி, நீ அனுப்பின அதே அட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், இது அண்ணனுடையது, எனக்குக் கொடுத்ததில்லை, திரும்பப் படிக்க அண்ணனுக்குத் தேவைப்படும், ராஃபேல் அண்ணன் கொண்டு போகட்டும் என்கிறாள். அப்பா பிரிக்கச் சொன்னார், அவள் கேட்கவில்லை. அவள் எழுதின தாள்களையும் மேலே வைத்திருக்கிறாள். நீ எந்த இடத்தில் விட்டாயோ அந்த இடத்திலிருந்து, அவளுக்கு எப்படிப் புரிந்ததோ அப்படி, தமிழில் எழுதியிருக்கிறாள். உன்னைக் குறை சொல்லி அதில் ஒரு வார்த்தை இல்லை, நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

ராஃபேல் கிறிஸ்துமஸ், நியூ இயர் எல்லாம் முடிந்துதான் புறப்படுகிறான், அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். படிக்க மனசிருந்தால் பெட்டி வரட்டும், படி. முதல் வகுப்பிலிருந்து படித்தாலும் சரி. முடியாது என்றால் அதையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா, அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், அப்படிச் சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். பெட்டி உனக்கு வேண்டாம் என்று நினைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் உனக்குத்தான் என்று திலகத்துக்கு உன் கையால் எழுது. நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அவள் கயிற்றை அவிழ்க்கமாட்டாள். எனக்கும் அப்பாவுக்கும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, முதல் கடிதம் அவளுக்குப் போடு.

குளிரில் ஈரக் கையோடு வெளியே நிற்காதே, சோப்புத் தண்ணீரில் விரல் வெடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் ராஃபேலிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குப் பசியாறு. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் வகுப்புத் திறந்ததும் வாத்தியாரை நேரில் போய்ப் பார்த்தால் திரும்பச் சேர வழி உண்டா என்று தெரியுமாம், ராஃபேல் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான், மறந்துவிடாதே.

உன்னை இன்னும் திட்டி முடிக்காத,
உன் அம்மா
லீலாவதி நல்லசாமி