நான் நம்பாத உன் வலக்கை

நேற்றுக் காலை கடைக்குப் புதுச் சேலைகள் வந்தன. பெட்டியைப் பிரித்ததும் புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியது. கூட வேலை செய்கிறவள் ஒரு பட்டுச்சேலையை எடுத்து என் கையில் வைத்து, "தொட்டுப் பாருங்கோ அக்கா, பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்றாள். "அப்ப விலையோட பாலும் சேர்த்துக் கேள்" என்று ஒரு பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். நான் பின்பக்கம் போய், வெறும் பெட்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். உன் ஞாபகம்.

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெட்டிகளில் சேலையின் பெயர் எழுதுவதையே நீதான் பழக்கினாய். ஆனாலும் இதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்த வெள்ளவத்தைக் கடையில் பதினொரு வருடம் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றோம். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே உன் கொண்டையிலோ செருப்பிலோ எனக்கு ஒரு குற்றம் கிடைத்துவிடும். நீயும் திருப்பித் தருவாய். ஆனால் சேலையை விரித்து உன் வலக்கையில் வழியவிட்டாயென்றால், வாங்க வந்தவர்கள் வேறொன்றைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கை எனக்கு இல்லை. எனக்கு இருந்தது வாய்.

மேல்தட்டில் பெட்டி எடுக்க ஏறியவள் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தாய். வலது மணிக்கட்டில் சின்ன வெடிப்பு. ஆறு கிழமையாகக் கை வெள்ளை மாக்கட்டுக்குள் கிடந்தது. அதில் நான் மீசை வைத்த முகமொன்று கீறிவிட்டேன். மீசையோடு பஸ்ஸில் போய் வந்தாய்.

கட்டு வெட்டியபிறகுதான் கூத்துத் தொடங்கியது என்று கடையில் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். கூத்து என்றுதான் சொன்னேன். உன் கை ஒரு நேரம் சிவந்து வீங்கியிருக்கும், இன்னொரு நேரம் நீலம் பாரித்துக் குளிர்ந்து வியர்க்கும். ஃபேன் காற்றுப் பட்டாலே கையை நெஞ்சுக்குக் கிட்ட இழுத்துக்கொள்வாய். எக்ஸ்ரே எடுத்தாய்.

"படத்தில எலும்பு நல்லாப் பொருந்தியிருக்காம்" என்றாய்.

"அப்ப நோகிறது ஆருக்கு? படத்துக்கோ?"

"பகிடி விடாதையடி. நெருப்புத் தணலை வச்ச மாதிரி எரியுது. காத்துப் பட்டாலும் எரியுது."

"காத்துப் பட்டா எரியிறது நெருப்புத்தான். தள்ளி நில் மகாராணி, கடை பத்தப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால் அது பிழையில்லை என்று வைத்துக்கொண்டேன்.

என் அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர். கால் முறிந்து, பொருந்தி, மூன்றாம் மாதமே மூட்டைக்குக் கீழே நின்றார். முறிந்தால் நோகும், பொருந்தினால் நிற்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனம் தளம்புகிறவர்களோடு கதைத்து மினக்கெடக் கூடாது. பட்டுச்சேலையின் தலைப்பை அவர்கள் புறங்கையில் மெல்லப் போட்டுவிட வேண்டும். மிச்சத்தைத் துணி பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு ஒரு சிங்களக் குடும்பம், தாயும் கல்யாணப் பெண்ணும். பெண் தளம்பிக்கொண்டிருந்தாள். எனக்குக் குறும்பு. உன் நடிப்பையும் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. "எங்கட மகாராணிக்கே நோகாத பட்டு" என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, அந்தத் தலைப்பை உன் மணிக்கட்டில் போட்டேன்.

நீ போட்ட சத்தம் மனிசர் போடுகிற சத்தமாக இல்லை. மேசைக்குப் பின்னால் அப்படியே தரையில் இருந்துவிட்டாய். வலக்கையைப் பிடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், இடக்கை அதற்கு மேலே தொடாமல் நின்றது. அந்தத் தாய் வந்து உன் பக்கத்தில் குனிந்து, கை நோகிறதா மகள் என்று சிங்களத்தில் கேட்டா. உன் பெயர்கூடத் தெரியாத மனுசி. நான் பட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வாங்காமல் போனார்கள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதான் அவவுக்குப் பக்கத்தில நிக்கிறனி. உண்மையாச் சொல்லு, நோகுதோ, நடிக்கிறாவோ?"

தலைப்பைப் போட்டது நான் என்று வெளியே வந்துவிடும் என்ற பயம் எனக்கு. பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். "கொத்து ரொட்டி சாப்பிடேக்க அந்தக் கை நல்லா வேலை செய்யுது முதலாளி" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பொய். நீ அப்போது இடக்கையில் கரண்டி பிடித்து, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுகிறவள். ஒவ்வொரு நாளும் பார்த்தவள் நான். அந்தக் கிழமையோடு உன்னை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

குற்றம் குத்த, பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். நீ தேத்தண்ணி போட எழும்பினாய், ஒற்றைக் கையால். பிறகு களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு உன்னோடு வரத் தொடங்கினேன். பஸ்ஸில் உன் வலப்பக்கம் இருந்து யாரும் இடிக்காமல் பார்ப்பேன். டொக்டர் சொன்னதை நீ எனக்கு விளங்கப்படுத்தினாய்.

"எலும்பு சுகம்தானாம். நரம்புக்குத்தான் இன்னும் தெரியாதாம். முறிஞ்சு கிடக்கெண்டு கத்திக்கொண்டே இருக்குதாம். சின்ன அடிக்குப் பிறகும் சிலருக்கு வருமாம். மனப்பிரமை இல்லையாம்."

"நரம்பும் என்னைப்போல, பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகேல்லைப் போல."

அதற்கு நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். மனப்பிரமை இல்லை என்று ஒருவர் சொன்ன நிம்மதியும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

கிளினிக்கில் கைப்பயிற்சி தந்த மிஸ், கையைப் பொத்தி வைக்கக் கூடாது, ஆட்ட வேண்டும் என்றா. முதலில் பஞ்சு, பிறகு பருத்தி, பிறகு குளித்துத் துடைக்கிற துவாய், ஒவ்வொன்றாகத் தோலுக்குப் பழக்க வேண்டுமாம். "அவ தானாத் தொடவேணும். மற்றவை சொல்லாமல் தொடக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. கடையிலிருந்து துண்டுத்துணி கொண்டுவந்து தந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தடவுவாய், நான் ஊர்க்கதை சொல்வேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முழுக்கைச் சட்டை போட்டாய். இரண்டாம் வருடம் சோற்றைக் கையால் பிசைந்தாய். பட்டுத்துணியை மட்டும் கிட்ட எடுக்கவில்லை. நானும் கொண்டுவரவில்லை.

யார் வந்தாலும் சொல்வாய், "கடையில என்னை நம்பினது இவள் ஒருத்திதான்." அப்போதெல்லாம் உண்மை தொண்டைவரை வரும். "நம்பாமல் என்ன, பணிஸ் பாதி எனக்குத்தானே" என்று முடித்துவிடுவேன்.

போன வருடம் உன் நெஞ்சு நின்றது. பொரளைச் சுடலைக்கு உன்னைக் கொண்டுபோகும் முன்பு உன் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மாவை நம்பினது நீங்கள் மட்டும்தான் அன்ரி" என்றாள். "ஓம் பிள்ளை" என்றேன். உன் முகத்துக்கு முன்னாலேயே சொன்னேன்.

அடுத்த கிழமை முதலாளியிடம் போனேன். அன்றைக்குக் கொத்து ரொட்டிக் கதை பொய், உன் கையில் பட்டைப் போட்டதும் நான்தான் என்றேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

"எந்தக் கொத்து ரொட்டி? அவ தானா வேலையை விட்டு நிண்டவ எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அவர் மறந்துவிட்டார். உன் மகளுக்குத் தெரியாது. நீ தெரியாமலே போய்விட்டாய். இப்போது அந்தப் பொய் இருக்கிற இடம் நான் மட்டும்தான்.